பாதியில் சுருண்டுவிட்ட பிலிம் ரோலை மீட்க வழி சொல்லுங்கள்

அனைவருக்கும் வணக்கம். 36 படங்களுக்கான 35 மி.மீ. கறுப்பு வெள்ளை ரோலில் 14ஆவது படம் எடுத்தவுடன், என் கேமராவின் மோட்டார் தானாகவே ஓடி, நுனிகூட வெளியே தெரியாதபடி பிலிம் முழுவதையும் குப்பிக்குள் சுருட்டிவிட்டது. எடுத்தவற்றில் என் பாட்டியின் படங்கள் இருப்பதால், அவற்றுக்குச் சிறு பழுதும் நேரக் கூடாது என்பதே என் முதல் கவலை. மீதமுள்ள பகுதியை வீணாக்கவும் மனமில்லை.

வேறொரு பிலிம் துண்டின் முனையில் இருபக்கப் பசை நாடாவை ஒட்டி, குப்பியின் வெல்வெட் வாய் வழியாக நுழைத்து, அச்சைத் திருப்பி நுனியைப் பிடித்து இழுக்கலாம் என்று எண்ணியிருக்கிறேன். அவ்வாறு நுழைக்கும்போது உள்ளே இருக்கும் பிலிமில் கீறல் விழுமா? இதற்கென்றே விற்கும் கருவி பாதுகாப்பானதா?

நுனி கிடைத்தபின், கையால் சுற்றும் கேமராவில் போட்டு, லென்ஸை மூடி, மிக வேகமான ஷட்டரும் மிகச் சிறிய லென்ஸ் துளையும் (அப்பர்ச்சர்) வைத்து, எடுத்த படங்களைக் கடக்கும்வரை வெறுமனே அழுத்திச் செல்ல வேண்டும் என்பது தெரியும். ஆனால் ஒரு படத்துக்கு 8 ஓரத் துளைகள் வீதம் நகரும் பிலிம், வேறு கேமராவில் அதே இடத்தில் தொடங்காது என்பதால், படங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழாதிருக்க இரண்டு படங்களுக்கான இடைவெளி போதுமா, அல்லது மூன்று விடுவது நல்லதா? இதைச் செய்து பார்த்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். அதுவரை குப்பியைத் தொடாமல் வைத்திருக்கிறேன்.