குடியிருப்பு மனையை வணிக மண்டலமாக மாற்ற விண்ணப்பிப்பது: எதை முதலில் பார்க்க வேண்டும்?

மருதாணி எழுதியது:

வணக்கம். நான் பிசியோதெரபிஸ்ட். அப்பா கட்டிய மாடி வீடு இரண்டு தெருக்கள் சந்திக்கும் மூலையில் இருக்கிறது. கீழ்த்தளத்தில் சிகிச்சை மையம் தொடங்கிவிட்டு, மேல்தளத்தில் நாங்கள் குடியிருப்பதாக எண்ணம். எந்தப் பகுதியில் எதற்கு இடம் என்று மண்டலங்களாக வகுக்கும் நகரின் முழுமைத் திட்டத்தில் (மாஸ்டர் பிளான்) எங்கள் மனை குடியிருப்பு மண்டலத்தில் வருகிறது.

மொத்த மனையையும் வணிக மண்டலமாக மாற்றிவிடச் சொல்கிறார் தரகர். பின்னாளில் நிலத்தின் மதிப்பு கூடும் என்கிறார். எதிர் வரிசையில் ஒரு மருந்துக்கடையும் ஒரு தையற்கடையும் பல காலமாக நடக்கின்றன; அவற்றைக் காட்டினாலே அனுமதி கிடைத்துவிடும் என்பது அவர் வாதம். விண்ணப்பத்தில் எதை வலியுறுத்த வேண்டும்? அக்கம்பக்கத்தார் ஆட்சேபித்தால் என்ன ஆகும்? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

அளவுகோல் எழுதியது:

வரைபடம் வரைபவன் என்ற முறையில் ஒன்று மட்டும். முழுமைத் திட்டத்தின் வரைபடத்தை நீங்களே பார்த்து முடிவுக்கு வராதீர்கள். அந்த அளவில் ஒரு கோட்டின் தடிமனே தரையில் சில அடி வந்துவிடும். மண்டல எல்லை சில நேரம் ஒரே மனையின் குறுக்கே போகும். உங்கள் மனை எந்த மண்டலம் என்று எழுத்து மூலம் சான்று கேட்டு வாங்குங்கள். கிரயப் பத்திரத்தையும் எடுத்துப் படியுங்கள். மனைப்பிரிவு போட்டபோதே 'குடியிருப்புக்கு மட்டும்' என்று நிபந்தனை எழுதியிருந்தால், மண்டலம் மாறியதாலேயே அது மறைந்துவிடாது. அதைத் தனியாகத் தீர்க்க வேண்டும்.

பழைய நகரமைப்பாளர் எழுதியது:

அம்மா, இத்தகைய விண்ணப்பங்களைப் படித்துக் குறிப்பெழுதுவதுதான் பணிக்காலம் முழுவதும் என் வேலை. தரகர் சொன்ன யோசனையைப் படித்ததும் எனக்குப் பதைப்பாக இருந்தது, அதனால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

மண்டல மாற்றம் மனையோடு ஒட்டிக்கொள்ளும். நாளை நீங்கள் வீட்டை விற்றாலும் அது வாங்குபவருக்குப் போய்ச் சேரும். எனவே கோப்பைப் படிக்கும் அலுவலர் உங்கள் சிகிச்சை மையத்தோடு நிறுத்திக்கொள்ள முடியாது. வணிக மண்டலத்தில் என்னென்ன அனுமதிக்கப்பட்டிருக்கிறதோ, அந்தப் பட்டியல் முழுவதையும் உங்கள் மூலையில் வைத்துப் பார்ப்பார். உணவகம் வந்தால் கழிவுநீர் எங்கே போகும்? விழா அரங்கு வந்தால் வண்டிகள் எங்கே நிற்கும்? 'நான் அதெல்லாம் செய்யமாட்டேன்' என்று நீங்கள் எவ்வளவு உண்மையாக எழுதிக் கொடுத்தாலும் அவர் கணக்கு மாறாது, ஏனென்றால் அடுத்த உரிமையாளரை உங்கள் வாக்கு கட்டுப்படுத்தாது.

ஆகவே முதல் கேள்வி: உங்களுக்கு மண்டல மாற்றம் தேவைதானா? பல நகரங்களின் விதிகளில், மருத்துவரோ வழக்கறிஞரோ தாம் குடியிருக்கும் வீட்டின் ஒரு பகுதியில் தொழில் நடத்தக் குடியிருப்பு மண்டலத்துக்குள்ளேயே இடம் உண்டு. பரப்பளவுக்கும் பணியாளர் எண்ணிக்கைக்கும் வரம்பு வைத்திருப்பார்கள். அந்த வரம்பைத் தாண்டினாலும், மண்டலத்தைத் தொடாமல் நிபந்தனைகளோடு சிறப்பு அனுமதி தரும் வழி இருக்கலாம். விதிப் புத்தகத்தில் குடியிருப்பு மண்டலம் பற்றிய அத்தியாயத்தின் கடைசிப் பக்கம் வரை படியுங்கள். அனுமதிக்கப்பட்டவை என்ற தலைப்போடு நிறுத்திவிடுகிறவர்கள்தான் அதிகம். நிபந்தனையுடன் அனுமதிக்கத்தக்கவை பெரும்பாலும் அதற்குப் பிறகுதான் வரும்.

எதிர்வரிசைக் கடைகளை நம்பாதீர்கள். மண்டலங்கள் வகுக்கப்படுவதற்கு முன்பிருந்தே அவை நடந்திருக்கலாம். அப்படிப்பட்ட பழைய பயன்பாட்டைத் தொடர விடுவார்கள். விரிவாக்கவோ, நெடுநாள் மூடிவிட்டு மீண்டும் திறக்கவோ பொதுவாக விடமாட்டார்கள். அது உங்களுக்கு முன்னுதாரணம் ஆகாது. சுற்றிலும் குடியிருப்பாக இருக்க ஒரே ஒரு மனையை மட்டும் பிய்த்தெடுத்து வணிகமாக்குவதை எந்தத் திட்ட அலுவலரும் விரும்பமாட்டார். அந்த ஒரு மனைக்காரருக்குச் சலுகை காட்டியதாக வழக்கு வந்தால் பதில் சொல்வது கடினம்.

மதிப்பு கூடும் என்ற வாதத்தை விண்ணப்பத்தில் ஒரு வரிகூட எழுதாதீர்கள். மண்டலச் சட்டங்களின் வரலாற்றில் பேர்பெற்ற வழக்கு ஒன்று உண்டு. அமெரிக்காவில் ஓஹையோ மாநிலத்தின் யூக்ளிட் என்ற கிராமம் மண்டலங்கள் வகுத்தபோது, 68 ஏக்கர் வைத்திருந்த ஆம்ப்ளர் என்ற நில நிறுவனம், தன் நிலத்தின் மதிப்பு கால் பங்காகக் குறைந்துவிட்டதாக முறையிட்டது. 1926இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் கிராமத்தின் பக்கமே நின்றது. பன்றி தொழுவத்தில் நின்றால் குறையில்லை, வீட்டுக் கூடத்தில் நின்றால்தான் தொல்லை என்ற பொருளில் அந்தத் தீர்ப்பு பேசுகிறது. மதிப்பு அவ்வளவு சரிந்ததே அங்கே எடுபடவில்லை என்றால், மதிப்பு கூட வேண்டும் என்று கேட்பது எப்படி எடுபடும்?

இனி உங்கள் மூலை. தெருவின் அகலம் பத்திரத்தில் ஒன்றாகவும் தரையில் வேறாகவும் இருக்கும். மதிலுக்கு மதில் அளப்பதோடு விடாமல், மின்கம்பம், வாசற்படி, மூடாத வடிகால் எல்லாவற்றையும் கழித்து வண்டி ஓடும் அகலத்தை அளந்து வரைபடத்தில் குறியுங்கள். அலுவலர் நேரில் வரும்போது அதைத்தான் பார்ப்பார். உங்கள் சுற்றுமதிலின் மூலை ஆள் உயரத்துக்கு இருந்தால், ஒரு தெருவிலிருந்து திரும்பும் வண்டிக்கு மறு தெருவில் வருவது தெரியாது. உங்களிடம் வருபவர்களோ ஊன்றுகோலோடும் சக்கர நாற்காலியிலும் வருபவர்கள். வண்டியைவிட்டு இறங்கவே நேரமாகும். மூலையைச் சரிவாக வெட்டி மதிலை இடுப்பளவுக்குக் குறைப்பதாகவும், வண்டி மனைக்குள்ளேயே திரும்பி முன்பக்கமாக வெளியேறும்படி இடம் விடுவதாகவும் வரைந்து காட்டுங்கள். இந்த ஒரு தாள், பத்துப் பக்க வேண்டுகோளைவிட அதிகம் பேசும்.

எதிர்வீடு எழுதியது:

நான் ஆட்சேபம் தெரிவித்தவள். எங்கள் தெருவில் ஒருவர் வீட்டைப் பல் மருத்துவமனையாக்க விண்ணப்பித்தார். கதவில் ஒட்டியிருந்த அறிவிப்பைப் பார்த்துத்தான் எங்களுக்கே தெரியும். அந்தக் கோபத்தில் நானும் பக்கத்து வீட்டு அக்காவும் உட்கார்ந்து மனு எழுதினோம்.

விசாரணைக்கு முன் அவர் வரைபடத்தோடு வீடுவீடாக வந்தார். என் படுக்கையறை ஜன்னலுக்கு நேரே அவர் காற்றழுத்தி இயந்திரம் வரையப்பட்டிருந்தது. நான் காட்டியதும் மறுபக்கம் மாற்றி வரைந்து கொடுத்தார். இரவு எத்தனை மணிக்கு மூடுவது, பெயர்ப்பலகையில் எரியும் விளக்கு வைப்பதில்லை என்பதையெல்லாம் அனுமதியின் நிபந்தனையாகவே சேர்க்கும்படி அவரே கேட்டார். நான் மனுவைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். அக்கா பெறவில்லை, வண்டி நெரிசல் பற்றிய அவர் கவலை நியாயமானது, அது விசாரணையிலும் பதிவானது.

சகோதரி, அறிவிப்பு ஒட்டுவதற்கு முன்பே போய்ப் பேசுங்கள். முதலில் தாளைப் பார்த்துவிட்டால் பிறகு உங்கள் முகத்தைப் பார்க்க எங்களுக்கு மனம் வராது.

மருதாணி எழுதியது:

எல்லோருக்கும் மிக்க நன்றி. விதிப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். ஐயா சொன்னபடி, குடியிருப்பு மண்டலத்தின் இரண்டாம் பட்டியலில் 'மருத்துவ ஆலோசனை அறை' என்று இருக்கிறது. பிசியோதெரபி அதில் அடங்குமா என்று தெளிவில்லை. நான்கு கட்டில்களும் உடற்பயிற்சிக் கருவிகளும் போட வேண்டும். தரகரிடம் இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஐயா, இதை யாரிடம் எப்படிக் கேட்பது?

பழைய நகரமைப்பாளர் எழுதியது:

விண்ணப்பம் போடுவதற்கு முன் திட்ட அலுவலரை நேரில் பாருங்கள். 'பிசியோதெரபி அடங்குமா' என்று மட்டும் கேட்டால் 'பார்க்கலாம்' என்பார். கட்டில் எத்தனை, ஒரு மணி நேரத்தில் எத்தனை பேர் வருவார்கள், பணியாளர் எத்தனை பேர், கீழ்த்தளத்தில் எவ்வளவு பரப்பு என்று ஒரு பக்கத்தில் எழுதி, 'இந்த அளவில் இது இரண்டாம் பட்டியலில் அடங்குமா' என்று கேட்டு, பதிலையும் எழுத்திலேயே வாங்குங்கள். வாய்மொழிப் பதில் அந்த அலுவலர் இடமாற்றம் ஆகும் நாளோடு போய்விடும்.

அடங்காது என்று வந்தால் காரணத்தையும் எழுதச் சொல்லுங்கள். கருவிகள்தான் தடை என்றால் அவற்றைக் குறைத்துக் கேட்கலாம். பரப்பளவுதான் தடை என்றால் ஓர் அறையைக் குடியிருப்பாகவே விட்டுவிடலாம். இரண்டுமே முடியாதபோது மண்டல மாற்றம் பற்றி யோசியுங்கள். அப்போதும் கட்டுப்பாடு குறைந்த பெருவணிக மண்டலத்தைக் கேட்காமல், உங்கள் தேவைக்குப் போதுமான மிகச் சிறிய வகையைக் கேளுங்கள்.

உத்தரவு கைக்கு வரும்வரை உள்சுவர் எதையும் இடிக்க வேண்டாம், பெயர்ப்பலகை மாட்ட வேண்டாம். அலுவலர் பார்வையிட வரும் நாளில் அந்த வீடு வீடாகவே இருக்கட்டும்.