யாளி எதையாவது தாங்குகிறதா?

காட்பாடிக்காரன்:
கட்டடத்தையும் உடம்பையும் சேர்த்து யோசித்த கலை என்று பேச்செடுத்தாலே வெளிநாட்டுப் பெயராக வந்து விழுகிறது. போன ஞாயிறு வேலூர்க் கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்துக்கு முன்னால் வெகுநேரம் நின்றேன். 16ஆம் நூற்றாண்டு வேலை. குதிரை முன்னங்காலைத் தூக்கி நிற்கிறது, மேலே வீரன், பக்கத்துத் தூணில் யாளி. இதைவிட என்ன வேண்டும்?

பாலாற்று மணல்:
அண்ணே, அந்தக் குதிரை எதையும் தாங்கவில்லை. பாரத்தை வாங்குவது பின்னால் இருக்கிற தூண்தான், குதிரையைச் செதுக்கி எடுத்துவிட்டாலும் கூரை அப்படியே நிற்கும். அலங்காரம், அவ்வளவுதான். ஆஸ்திரியப் பெண் கலைஞர் வாலி எக்ஸ்போர்ட் 1970களில் வியன்னாத் தெருக்களில் எடுத்த படங்களைப் பாருங்கள். நடைபாதை ஓரக்கல் எப்படி வளைகிறதோ அப்படியே அவரும் உடம்பை வளைத்துப் படுத்திருப்பார். கல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை, வளைந்தது முதுகு. கட்டடம் மனுஷனை என்ன செய்கிறது என்பது அதில்தான் தெரிகிறது.

காட்பாடிக்காரன்:
கூரை விழாது, சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் குதிரையும் தூணும் ஒரே கல், ஒட்ட வைத்ததில்லை. அப்புறம் நம் ஆட்கள் தூணுக்கு என்ன பெயர் வைத்தார்கள்? நூற்றுக்கால் மண்டபம், ஆயிரங்கால் மண்டபம். கருவறைக்கு மேலே எழும்பும் விமானத்தில் சிகரத்துக்குக் கீழே கழுத்து. உள்ளே கருவறை. கோயிலே ஒரு உடம்பு என்று நினைக்காமலா இப்படிப் பெயர் வைப்பான்?

பாலாற்று மணல்:
நாற்காலிக்கும்தான் கால் இருக்கிறது :) கட்டிலுக்கும் இருக்கிறது.

நிலைவாசல்:
இரண்டு பேரும் சிலையை விட்டு நகரவே மாட்டேன் என்கிறீர்கள். ஆற்காட்டுப் பக்கம் எங்கள் பாட்டி வீட்டு நிலைவாசல் அப்பாவுக்குக் காது உயரம்தான். முப்பது வருஷமாக ஒரு கையை மேல்கட்டையில் வைத்துக் குனிந்து குனிந்து போனதில், கை படும் இடம் மட்டும் எண்ணெய் இறங்கி, கறுத்து, வழவழவென்று ஆகிவிட்டது. டவுனில் வேறு வீட்டுக்குப் போனால்கூட வாசலில் தலையைக் குனிவார். கட்டடக் கலைஞர் லே கொர்புசியே 183 செ.மீ. உயர ஆளை வைத்து மாடுலர் என்று ஒரு அளவுமுறை போட்டாரே, அந்த ஆள் எங்கள் வீட்டுக்கு வந்தால் முதல் நாளே நெற்றி வீங்கும்.

பாலாற்று மணல்:
அக்கா சொல்வது நான் சொன்னதற்குத்தான் சாட்சி. கட்டடம் ஆளை வளைத்துவிட்டது பாருங்கள்.

காட்பாடிக்காரன்:
அந்தக் கறை? அது உங்கள் பக்கமா? ஆளும் கட்டையை மாற்றியிருக்கிறாரே. இதே கணக்குதான் குதிரைக்கும். அந்தத் தூக்கிய குளம்புக்கு நேர் கீழே போய் நின்று பாருங்கள், உடம்பு தானாக ஓரடி பின்னால் போகும். பாரம் தாங்குவது மட்டும்தான் வேலையா?

பாலாற்று மணல்:
பின்னால் போகிறேனா இல்லையா என்று நானே வந்து பார்க்கிறேன். சனிக்கிழமை, டேப்போடு.

நிலைவாசல்:
காலையிலேயே வந்துவிடுங்கள் தம்பி. இந்த வெயிலில் பிராகாரக் கல்லில் செருப்பில்லாமல் ஓடத்தான் முடியும், நின்று டேப் பிடிக்க முடியாது.