மறு: பிறர் படத்தைப் பார்த்து வரைந்த ஓவியத்துக்கு என்ன பெயர்? – ‘வழியோவியம்’ என்றொரு முன்மொழிவு

மதிப்புக்குரிய குழும அன்பர்களுக்கு,

வணக்கம். பிறர் தீட்டிய படத்தையோ பிடித்த நிழற்படத்தையோ எடுத்துத் தம் ஓவியமாக ஆக்கிக்கொள்வதை ஆங்கிலக் கலை விமரிசனத்தில் ‘அப்புரோப்பிரியேசன்’ என்பர். அதற்கு ஈடாக இந்த இழையில் இதுவரை சுவீகரிப்பு, கையகப்படுத்தல், ஓவியத் திருட்டு, நகலோவியம் ஆகிய சொற்கள் வந்துள்ளன. நான்கிலும் எனக்கு உடன்பாடில்லை. ஏன் என்பதைச் சொல்லிவிட்டு என் முன்மொழிவுக்கு வருகிறேன்.

‘சுவீகரிப்பு’ அகராதிப்படி பிழையில்லாத சொல்தான். ஆனால் யாழ்ப்பாணத்தில் அச்சொல்லைக் கேட்டதும் நினைவுக்கு வருவது காணி. 2013 இல் வலிகாமம் வடக்கில் அரசின் காணி சுவீகரிப்பு அறிவித்தல்கள் ஒட்டப்பட்டதைக் கண்டவர்களிடம் போய், ஓவியர் வான்கோ தமக்கு முந்திய பிரெஞ்சு ஓவியர் மில்லேயின் படங்களைச் சுவீகரித்தார் என்று சொன்னால், அவர்கள் வான்கோவை எந்தப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. ‘கையகப்படுத்தல்’ தமிழகத்தில் அதே வேலையைச் செய்யும் சொல். ‘ஓவியத் திருட்டு’ என்பதோ, 1911 இல் லூவர் அருங்காட்சியகத்துச் சுவரிலிருந்து மோனா லிசாவைக் கழற்றிக்கொண்டு போனானே ஒருவன், அந்தச் செயலுக்குரிய பெயர். ‘நகல்’ எங்கள் பேச்சில் இல்லை. இங்கே அது பிரதி, அதுவும் அடையாள அட்டையோடு சேர்த்துக் கொடுக்கும் போட்டோப்பிரதி.

இவற்றில் முதல் மூன்றும் செயலுக்குப் பெயரிடும்போதே தீர்ப்பையும் எழுதிவிடுகின்றன. பிறர் படத்தை எடுத்தாள்வது எப்போது தகும், எப்போது தகாது என்று இரண்டு பேர் வாதிட வேண்டுமானால், இருவரும் மனம் கோணாமல் வாயில் வைக்கக்கூடிய பெயர் ஒன்று முதலில் இருக்க வேண்டும். வழக்குத் தொடங்குமுன் எதிரியைக் குற்றவாளி என்று அழைக்கும் சொற்களை நாம் தவிர்ப்பது நல்லது.

எங்கள் ஊர்களில் இறந்தவரின் நிழற்படத்தை ஓவியரிடம் கொடுத்து, அந்தியேட்டி என்னும் ஈமக்கிரியைக்கு முன் பெரிதாக வரைந்து வாங்கும் வழக்கம் இருந்தது. அவர் நிழற்படத்தின் மேல் பென்சிலால் கட்டம் போடுவார். துணியில் அதே கட்டத்தைப் பல மடங்கு பெரிதாகப் போடுவார். பின்னர் கட்டத்துக்குக் கட்டம் பார்த்து முகத்தை இறக்குவார். வர்ணம் மெல்லிதாக விழுந்த காதோரத்தில் அந்தப் பென்சிற் கோடு பல ஆண்டுகள் கழிந்த பின்னும் தெரியும். நிழற்படத்தின் மூலையில் ஸ்ரூடியோவின் பெயர் புடைப்பாக அழுத்தப்பட்டிருக்கும். ஓவியத்தின் மூலையில் ஓவியரின் கையெழுத்து இருக்கும். வெளிச்சத்தை எந்தப் பக்கத்திலிருந்து விழவிடுவது, முகத்தை எவ்வளவு திருப்பச் சொல்வது என்றெல்லாம் தீர்மானித்தவர் நிழற்படக்காரர். அவருடைய பெயர் கட்டத்துக்கு வெளியே நின்றுவிட்டது. இதைக் களவு என்று எவரும் சொன்னதாக நான் கேட்டதில்லை. சொல்லக் கூடாது என்பதே என் எண்ணமும். ஆயினும் ஒரு பெயர் விடுபட்டுத்தான் போயிற்று. களவென்று சொல்லாமல் அந்த விடுபாட்டைச் சுட்டுவதற்கே நமக்குச் சொல் வேண்டும்.

தமிழ் இலக்கணம் இதற்கான கருவியை நெடுங்காலமாக வைத்திருக்கிறது. நூல்களை முதனூல், வழிநூல், சார்புநூல் என மூன்றாக வகுக்கும் நன்னூல், முன்னோர் நூலின் முடிபோடு ஒத்து நின்று, பின்னோன் தான் வேண்டும் வேறுபாட்டையும் சொல்வதை வழிநூல் என்கிறது. வழிநூல் செய்தவரைத் தமிழ் மரபு கள்வர் என்று ஒதுக்கவும் இல்லை, முதனூலாசிரியர் என்று ஏற்றவும் இல்லை. அதைவிட நமக்குப் பயன்படுவது பாயிரத்துக்கு, அதாவது நூலின் முகவுரைக்கு, வகுத்த இலக்கணம். சிறப்புப் பாயிரம் காட்ட வேண்டிய எட்டுச் செய்திகளை அடுக்கும் நூற்பா ‘ஆக்கியோன் பெயரே வழியே எல்லை’ என்று தொடங்குகிறது. நூலைச் செய்தவர் இன்னார் என்று சொன்ன கையோடு, அது எதன் வழியாக வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். நூற்பெயர்கூட அதற்குப் பின்னர்தான் வருகிறது. நல்லூர் ஆறுமுக நாவலரின் காண்டிகையுரையை வைத்துக்கொண்டு நன்னூல் படித்த மண்ணில், ஓவியர் தம் பெயருக்குப் பக்கத்தில் ‘வழி’யைச் சொல்ல வேண்டும் என்று கேட்பது புதிய சட்டம் எதுவும் அன்று.

ஆகவே, பிறர் படம் ஒன்றை வெளிப்படையான அடிப்படையாகக் கொண்டு வரையப்பட்டதை ‘வழியோவியம்’ என்றும், அதற்கு அடிப்படையாக இருந்ததை ‘மூலப்படம்’ என்றும் வழங்கலாம் என்பது என் முன்மொழிவு. ‘முதலோவியம்’ என்று வைக்கத்தான் முதலில் மனம் போகும். ஆனால் அது ஓவியரின் கன்னிப் படைப்பு என்று படிக்கப்படும். மேலும் மூலம் எப்போதும் ஓவியமாகவே இருப்பதில்லை, நிழற்படமாகவும் அச்சுப்படமாகவும் இருக்கலாம். காட்சிக்கூடத்துப் பெயர்ச்சீட்டில் ஓவியர் பெயருக்குக் கீழே ‘மில்லே வழி’ என்று எழுதினால் போதும்.

மில்லேயை உதாரணத்துக்கு எடுத்ததற்குக் காரணம் உண்டு. 1889–90 இல் பிரான்சின் சென்-ரெமியில் மனநல இல்லத்தில் இருந்த காலத்தில் வான்கோ, மில்லேயின் படங்களைக் கறுப்பு வெள்ளை அச்சுகளிலிருந்து பார்த்து எண்ணெய் வர்ணத்தில் வரைந்தார். அது வெறும் பிரதி செய்தல் அன்று, நிறங்களின் மொழிக்கு மொழிபெயர்த்தல் என்ற கருத்தில் தம்பி தியோவுக்குக் கடிதமும் எழுதினார். தொல்காப்பிய மரபியல் வழிநூலின் வகைகளைச் சொல்லும் இடத்தில் ‘மொழிபெயர்த்து அதர்ப்பட யாத்தல்’ (மொழிபெயர்த்து நெறிப்பட ஆக்குதல்) என்பதையும் ஒரு வகையாக வைத்திருக்கிறது. அந்த ஒப்புமையைப் பார்த்த பின்னர்தான் ‘வழி’ என்ற அடியை விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

அடுத்து, எது ஒருவருடைய மூலம், எது எல்லாருக்கும் உரிய மரபு என்ற கேள்வி. இங்கேதான் எங்கள் கோயிற்சுவர்களும் பாடசாலை வாணி விழா மேடைகளும் வருகின்றன. சரஸ்வதிக்குரிய நான்கு கை, வீணை, ஏடு, படிகமாலை, வெண்டாமரை ஆகியவை எவருடைய சொத்தும் அல்ல. தெய்வத்தின் உருவை வருணிக்கும் தியான சுலோகத்தைப் படித்து எவரும் வரையலாம். ஆனால் பாறையில் அமர்ந்து, அருகே மயில் நிற்க, சேலை மடிப்பு நிலத்தை நோக்கிச் சரிய வீணை மீட்டும் சரஸ்வதி, ரவிவர்மா (1848–1906) தீட்டியது. 1894 இல் பம்பாயில் அவர் நிறுவிய அச்சகத்தின் ஒலியோகிராப் (எண்ணெய் ஓவியம் போலத் தோன்றும் வண்ண) அச்சுகள், அவற்றைப் பார்த்து வரைந்த கலண்டர்ப் படங்கள், கலண்டரைச் சுவரோரம் ஆணியில் கொளுவிவைத்துப் பார்த்து வரைந்த கோயிற்சித்திரங்கள் என்று கைமாறி வந்ததில், அந்தப் பாறையும் மயிலும் சுலோகத்திலேயே இருந்தவை போலத் தோன்றத் தொடங்கிவிட்டன. இலங்கையின் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் ஆக்கியவர் இறந்து 70 ஆண்டு வரையே பதிப்புரிமையை நீட்டுகிறது; ரவிவர்மாவுக்கு அக்காலம் கடந்து வெகுநாளாயிற்று. (புலமைச் சொத்து என்பது எங்கள் சட்டச் சொல். தமிழக அன்பர்கள் அறிவுசார் சொத்து என்று படித்துக்கொள்ளவும்.) சட்டம் கேட்காவிட்டாலும் ‘ரவிவர்மா வழி’ என்று ஒரு மூலையில் எழுதுவதால் சுவரின் அழகோ தெய்வத்தின் அருளோ குறையப்போவதில்லை. தியான சுலோகத்திலிருந்து நேராக வரைந்ததை ‘மரபுரு’ என்று தனியே வைத்துக்கொண்டால் இரண்டும் குழம்பாது.

‘போலி’ என்ற சொல்லையும் இந்த இழையில் கண்டபடி வழங்கியிருக்கிறோம். ஜெர்மானிய ஓவியர் டியூரரின் மரச்செதுக்கு அச்சுகளை இத்தாலியச் செதுக்குக் கலைஞர் மார்க்கந்தோனியோ ரைமொண்டி செப்புத்தகட்டில் அப்படியே செதுக்கி, டியூரரின் முத்திரை எழுத்துகளையும் சேர்த்து விற்றார் என்றும், டியூரர் வெனிசில் முறையிட்டபோது அந்த முத்திரையைப் போடக் கூடாது என்ற உத்தரவு மட்டுமே அவருக்குக் கிடைத்தது என்றும் ஓவியர்களின் வரலாற்றை எழுதிய வசாரி சொல்லியிருக்கிறார். அக்கதைப்படி படத்தைப் பார்த்துச் செதுக்கியதைத் தடுக்க எவரும் முன்வரவில்லை. பெயர் விடயத்தில்தான் தலையிட்டார்கள். லூவரில் இன்றும் அனுமதி பெற்றவர்கள் படத்தின் முன் தாங்கியை நிறுத்தி வரையலாம். ஆனால் அவர்கள் வரைவது மூலத்தின் அளவிலேயே இருக்கக் கூடாது, மூல ஓவியரின் கையெழுத்தையும் போடக் கூடாது. இதைப் ‘பயிற்சிப் பிரதி’ என்போம். தன் கைவேலைக்குப் பிறர் பெயரைப் போட்டு ஏமாற்றுவது மட்டுமே போலி. அதற்கு நேர் எதிரானது, பிறர் ஆக்கத்தை வாங்கிக்கொண்டு தன் பெயரை மட்டும் போட்டு, கேட்டாலும் மூலத்தைச் சொல்லாமல் விடுவது. அதற்கு ‘மூலமறைப்பு’ என்பதைத் தருகிறேன். ‘வழிமறைப்பு’ என்றால் சொற்கள் ஒரே குடும்பமாக அமையும். ஆனால் தட்டச்சில் ஓர் எழுத்து மாறினால் ஓவியர் ஏ9 வீதியில் வழிமறிப்புப் போராட்டம் நடத்தியதாகச் செய்தி வந்துவிடும்.

இவற்றில் வழியோவியமும் பயிற்சிப் பிரதியும் பொருளின் பெயர்கள். மூலமறைப்பு செயலின் பெயர். ஒரே படம் ஓரிடத்தில் குற்றமற்றதாகவும் இன்னோரிடத்தில் வழக்குக்கு உரியதாகவும் ஆகக்கூடும் என்பதால் இந்த வேறுபாட்டை நான் வற்புறுத்துகிறேன். லின் கோல்ட்ஸ்மித் 1981 இல் பாடகர் பிரின்ஸை நிழற்படம் பிடித்தார். 1984 இல் ஒரு சஞ்சிகை அவருக்கு 400 டொலர் கொடுத்து, ஒருமுறை மட்டும் அதை ஓவியத்துக்கு மூலமாகப் பயன்படுத்த அனுமதி பெற்றது. வரைந்தவர் அன்டி வோர்ஹோல். அவர் அத்தோடு நிற்காமல் அதே நிழற்படத்திலிருந்து ஒரு வரிசையே செய்துவைத்தார். 2016 இல் பிரின்ஸ் இறந்தபோது அவ்வரிசையிலிருந்து இன்னொரு படத்தை வெளியிடுவதற்கு வோர்ஹோல் அறக்கட்டளைக்கு 10,000 டொலர் கிடைத்தது. கோல்ட்ஸ்மித்துக்கு ஒரு சதமும் இல்லை, பெயரும் இல்லை. 2023 மே மாதம் அமெரிக்க உயர் நீதிமன்றம் (தமிழக வழக்கில் உச்ச நீதிமன்றம்) ஏழுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில் கோல்ட்ஸ்மித்தின் பக்கம் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு 2016 இல் படத்தைச் சஞ்சிகைக்குக் கொடுத்த செயலைப் பற்றியது; வோர்ஹோல் அதை வரைந்தது சரியா என்பதைப் பற்றியதன்று. படத்தின் மேலேயே ‘திருட்டு’ என்று சீட்டு ஒட்டும் கலைச்சொல்லால் இந்த நுட்பத்தைச் சொல்ல முடியாது.

பெயரைச் சொல்லிவிட்டால் எல்லாம் தீர்ந்தது என்பதும் என் கட்சியன்று. கோல்ட்ஸ்மித்தின் பெயரை மூலையில் அச்சிட்டிருந்தால் மட்டும் அவருக்கு அரிசி வாங்கக் காசு வந்திராது. மூலப்படம் செய்தவர் உயிரோடு இருந்து, அதையே தொழிலாகவும் கொண்டிருக்கும்போது, ‘வழி’ சொல்வதோடு அனுமதியும் கேட்க வேண்டும், விற்றால் பங்கும் கொடுக்க வேண்டும். பெரிய பெயருள்ளவர் சிறியவரிடமிருந்து எடுக்கும்போது இது இரட்டிப்பாகப் பொருந்தும். ‘அப்புரோப்பிரியேசன்’ என்ற கலைப்போக்குக்கு மட்டும், கட்டுரைகளில் மேற்கோளுக்கு நாம் ஏற்கெனவே வழங்கும் ‘எடுத்தாள்கை’யை வைத்துக்கொள்ளலாம். அமெரிக்க நிழற்படக் கலைஞர் வோக்கர் எவன்ஸின் நிழற்படங்களை 1981 இல் அப்படியே திரும்பப் படம் பிடித்துக் காட்சிக்கு வைத்த கலைஞர் ஷெரி லெவின், தலைப்பிலேயே எவன்ஸின் பெயரைச் சொன்னார். அவர் செய்ததை விரும்பாதவர்கள்கூட அதை மூலமறைப்பு என்று சொல்ல முடியாது.

சித்திர ஆசிரியையான அன்பர் ஒருவர், போட்டிக்கு வந்த படம் தொலைபேசித் திரையைப் பார்த்து வரைந்தது என்று தெரிந்தால் என்ன செய்வது என்று கேட்டிருந்தார். சொந்தக் கற்பனை கேட்ட போட்டியானால் பரிசுக்கு எடுக்க வேண்டாம். பிள்ளையைக் கள்ளன் என்றும் சொல்ல வேண்டாம். தாளின் பின்புறத்தில் பெயர், வகுப்பு எழுதும் இடத்திலேயே ‘வழி’ என்று ஒரு வரி விட்டு, எதைப் பார்த்து வரைந்தது என்று எழுதப் பழக்கினால் ஆறாம் வகுப்பிலேயே இது முடிந்துவிடும்.

‘வழியோவியம்’ என்பதை வீதியோர ஓவியம் என்று எவரேனும் படிப்பார்களா என்ற ஐயம் வரலாம். வழிநூலைப் பயணநூல் என்றோ வழிமொழிதலை வீதியில் பேசுதல் என்றோ எவரும் கொள்வதில்லை என்பதால் நான் அஞ்சவில்லை. செயற்கை நுண்ணறிவு ஆக்கித்தரும் படங்களை இந்தச் சொற்றொகுதியில் இப்போதைக்குச் சேர்க்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். எண்ணற்ற படங்களை ஒன்றாகக் கரைத்து வருவதற்கு ‘இன்னார் வழி’ என்று ஒருவரைச் சுட்ட முடியாது. அதற்குத் தனி இழையும் வேறொரு அடிச்சொல்லும் தேவைப்படும். சட்டத்துறை அன்பர்கள் எவரேனும் ‘மூலமறைப்பு’ வழக்குமன்றத் தமிழில் வேறு பொருளில் வழங்குகிறதா என்று பார்த்து எழுதினால், இறுதி வடிவத்தை அதன்பின் அனுப்புகிறேன்.

அன்புடன்,
கோண்டாவிலிலிருந்து ஓர் உறுப்பினர்