சொசைட்டி நாய்களைச் சீண்டும் பிள்ளைகள்: எங்கிருந்து தொடங்குவது? (செம்பூர், மும்பை)

செம்பூர்வாசி:
ஏழு மாடி பில்டிங். கம்பவுண்டுக்குள்ள நாலு நாய். மூணுக்குக் கருத்தடை ஆன அடையாளமா காது வெட்டியிருக்கு, ஒரு பெட்டைக்கு இன்னும் கருத்தடை ஆகல. ஆறிலிருந்து பத்து வயசுக்குள்ள பத்துப் பன்னிரண்டு பிள்ளைங்க. கார் அடியில படுத்திருக்கிற நாயைக் குச்சியால குத்துறது, கல் எறியறது, வாலை இழுத்துட்டு ஓடுறது. இன்னும் ரெண்டு பிள்ளைங்க நாயைக் கண்டாலே கட்டிப்பிடிக்கப் போகுதுங்க. சொசைட்டி (குடியிருப்போர் சங்கம்) கமிட்டியில பாதிப் பேர் நாயைத் தூக்கிடணும்னு சொல்றாங்க. பிள்ளைங்களுக்கு எதை முதல்ல சொல்லித் தரணும்? சாப்பாடு எங்க வைக்கிறது? மழையும் வரப்போகுது. விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

வால்மொழி:
கல் எறியற பிள்ளையையும் கட்டிப்பிடிக்கிற பிள்ளையையும் ஒண்ணா உட்கார வைங்க. நாய் என்ன சொல்லுதுன்னு ரெண்டு பேருக்குமே தெரியல, அவ்வளவுதான்.

முதல் வாரம் தொடவே கூடாது. தினம் பத்து நிமிஷம், பதினைஞ்சு அடி தள்ளி நின்னு பார்க்கட்டும். பசியில்லாம உதட்டை நக்குறது, தூக்கமில்லாம கொட்டாவி விடுறது, முகத்தைத் திருப்பிக்கிட்டுக் கடைக்கண்ணால பார்க்கிறது: இதெல்லாம் "எனக்குப் பிடிக்கல, தள்ளிப் போ"ன்னு அர்த்தம். அப்படிப் பார்க்கிறப்போ கண்ணோரம் வெள்ளை பிறை மாதிரி தெரியும். அதைப் பிள்ளைங்க சட்டுனு பிடிச்சுக்கும். வால் ஆடினா சந்தோஷம்னு சொல்லித் தராதீங்க. உடம்பு விறைச்சு, தூக்கின வால் நுனி மட்டும் படபடன்னு ஆடினா அது எச்சரிக்கை.

இரண்டாவது, மரமா நிக்கிறது. நாய் துரத்தினாலோ பாய்ஞ்சு வந்தாலோ ஓடக்கூடாது, கத்தக்கூடாது. கையை உடம்போட ஒட்டி, பார்வையைத் தரையில வெச்சு அசையாம நிக்கணும். கீழே விழுந்துட்டா சுருண்டு படுத்து, கழுத்தையும் காதையும் கையால மூடிக்கணும். உங்க பிள்ளைங்க ஹிந்தியிலதானே விளையாடும்? "பேட் பன் ஜாவ்"னு ஒருத்தர் கத்தினதும் எல்லாரும் மரமாகிற விளையாட்டா வெச்சுடுங்க. பயத்துல யோசனை ஓடாது, உடம்புக்குப் பழகியிருக்கணும்.

தொடறதெல்லாம் அப்புறம், அதுவும் தடுப்பூசி போட்ட வீட்டு நாய்கிட்ட, அதை வளர்க்கிறவரைக் கேட்டுட்டு. பக்கவாட்டுல நின்னா நாய் தானா வந்து முகரும். நெஞ்சுலயோ கழுத்துப் பக்கத்துலயோ மூணு எண்ணுற வரைக்கும் தடவிட்டுக் கையை எடுத்துடணும். மறுபடி ஒட்டி வந்தா தொடரலாம், நகர்ந்தா விட்டுடணும். தலைக்கு மேல கை வர்றதும் கட்டிப்பிடிக்கிறதும் பெரும்பாலான நாய்களுக்குச் சிறைபிடிக்கிற மாதிரி. தூங்குற நாய், தின்கிற நாய், குட்டி போட்ட தாய், இந்த மூணு பக்கமும் போகவே கூடாது.

உறுமினதுக்காக யாரும் நாயை அடிக்க வேண்டாம். அடி வாங்கி உறுமுறதையே நிறுத்தின நாய், சொல்லாமலே கடிக்கும்.

கல் எறிஞ்ச பையனை நண்பர்கள் முன்னாடி திட்டாதீங்க. பெரியவங்க ஒருத்தர் கூட நிக்க, நாய்களுக்குத் தண்ணி வைக்கிற தொட்டி பொறுப்பை அவன்கிட்டயே கொடுங்க.

மாட்டுங்கா மணி:
தண்ணித் தொட்டி பற்றி ஒன்று. அகலமான சிமெண்ட் தொட்டி கவிழாது. ஆனால் தினமும் கொட்டிவிட்டு, உள்சுவரைத் தென்னை நாரால் தேய்த்த பிறகே நிரப்ப வேண்டும். டெங்கு கொசு முட்டையைத் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டி வைக்கும். தண்ணீரை மட்டும் மாற்றினால் முட்டை அப்படியே இருக்கும்.

கமிட்டிக்கு 2023-ஆம் ஆண்டின் விலங்குகள் இனக்கட்டுப்பாட்டு விதிகளில் 20-ஆவது விதியைக் காட்டுங்கள். வளாகத்தில் வாழும் நாய்களுக்கு உணவிடும் ஏற்பாடு குடியிருப்போர் சங்கத்தின் பொறுப்பு. இடம் விளையாட்டுத் திடல், படிக்கட்டு, நுழைவாயில் இவற்றிலிருந்து தள்ளி இருக்க வேண்டும். பிள்ளைகளும் முதியவர்களும் அதிகம் நடமாடாத நேரமாகவும் இருக்க வேண்டும். 2025 ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றமும் தெருவில் கண்ட இடத்தில் போடாமல் குறித்த இடத்தில்தான் உணவிட வேண்டும் என்றது. கருத்தடையும் தடுப்பூசியும் ஆன நாயைப் பிடித்த இடத்திலேயே விட வேண்டும், வெறிநோய் உள்ளதும் மூர்க்கமானதும் விலக்கு என்பதும் அதே உத்தரவு.

பில்டிங்குக்குப் பின்புறம், காலை ஆறுக்கு முன், இரவு பத்தரைக்குப் பின் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலு நாய்க்கு நாலு தட்டு, ஆறேழு அடி இடைவெளி. ஒரே தட்டு வைத்தால் சண்டை நிச்சயம், குறுக்கே ஓடும் பிள்ளைதான் கடி வாங்கும். இருபது நிமிடத்தில் தட்டை எடுத்துவிடுங்கள். மிச்சம் கிடந்தால் எலி வரும். சோறும் எலும்பு நீக்கிய கோழியும் உப்பு, மசாலா இல்லாமல் வேகவைத்தால் போதும். வெங்காயம், பூண்டு, திராட்சை, சாக்லேட் நாய்க்கு நஞ்சு. வேகவைத்த கோழி எலும்பு சிலும்பாக உடைந்து குடலைக் கிழிக்கும்.

நாய்களைத் தூக்கிவிட்டால் பிரச்சினை தீராது. குப்பையும் எலியும் இருக்கிற வரை காலியான இடத்துக்கு ஊசி போடாத புது நாய் வரும்.

நாலாம் வார்டு:
கடி விஷயத்தை யாரும் தொடவில்லை. பிள்ளைகள் திட்டுக்குப் பயந்து சின்னக் கீறலை மறைப்பார்கள். அதுதான் ஆபத்து. "நீ சீண்டியிருந்தாலும் பரவாயில்லை, உடனே சொல்லு" என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

குழாயைத் திறந்துவிட்டு, சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். கடிகாரத்தைப் பார்த்தே கழுவுங்கள், இரண்டு நிமிடத்தில் நிறுத்திவிடத் தோன்றும். மஞ்சள், காப்பித்தூள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். அன்றே வெறிநோய்த் தடுப்பூசி. தோலுக்குள் போடும் முறையில் 0 (முதல் ஊசி போடும் நாள்), 3, 7, 28 ஆகிய நாட்கள். தோல் கிழிந்து ரத்தம் வந்திருந்தால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலினும் (வெறிநோய்க் கிருமியை உடனே எதிர்க்கும் மருந்து) போட வேண்டும். அதைக் கேட்டு வாங்குங்கள். நாயைப் பத்து நாள் கவனிப்பது நல்லது, அதற்காக முதல் ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது. அறிகுறி வந்துவிட்ட வெறிநோய்க்கு மருத்துவம் இல்லை.

மழைக்கு: எலி, நாய் சிறுநீர் கலந்த தேங்கிய தண்ணீரில் லெப்டோ (எலிக்காய்ச்சல்) கிருமி இருக்கும். காலில் காயத்தோடு அதில் நடந்த பிள்ளையை 72 மணி நேரத்துக்குள் டாக்டரிடம் காட்டுங்கள். வீட்டு நாய்க்கு லெப்டோ தடுப்பூசி ஆண்டுதோறும்.

செம்பூர்வாசி:
ரொம்ப நன்றி. ஒரு சந்தேகம், அந்தப் பெட்டைக்கு வயிறு பெருத்த மாதிரி இருக்கு. என்ன செய்யறது?

வால்மொழி:
நாய்க்கு ஏறக்குறைய 63 நாள் கர்ப்பம். மீட்டர் ரூம் பக்கம் மாதிரி நனையாத மூலையில மரப்பலகை மேல சாக்கு போட்டு, கயிறு கட்டிப் பிள்ளைங்களைத் தடுத்துடுங்க. குட்டி பால் மறந்ததும், சுமார் ரெண்டு மாசத்துல, தாய்க்குக் கருத்தடைக்குச் சொல்லி வைங்க. குட்டிகளுக்கு மூணு மாசத்துல வெறிநோய் ஊசி. வாட்ச்மேன்கிட்ட இன்னைக்கே சொல்லிடுங்க, ராத்திரி டார்ச் அடிச்சுக்கிட்டு அந்த மூலைப் பக்கம் முதல்ல போறது அவர்தான்.