எஃப் 0.95 லென்ஸுக்கு ஆசைப்பட்டவர்கள் கொஞ்சம் இந்தப் பக்கம் வாருங்கள்

கூத்துக்கொட்டகை:

பகலில் எனக்குக் கணக்கு எழுதும் வேலை. சனிக்கிழமை இரவானால் கூத்து. செய்யாறு, வந்தவாசிப் பக்கம் திரௌபதி அம்மன் கோயில் திருவிழா எங்கே நடந்தாலும் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். ஒன்பது, பத்து மணிக்கு ஆரம்பித்து விடிய விடிய நடக்கும். வெளிச்சம் என்று பார்த்தால் நாலு டியூப்லைட், இரண்டு பக்கமும் ஒவ்வொரு ஃபோகஸ் லைட். அதிலும் ஒன்று பாதி ராத்திரியில் கண்ணைச் சிமிட்ட ஆரம்பிக்கும். ஃபிளாஷ் போட்டால் ஆடுகிறவருக்குக் கண் கூசும், உட்கார்ந்திருக்கும் ஆயாவிடம் திட்டும் விழும்.

கையில் இருந்தது சாதாரண 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ். எஃப் எண் குறையக் குறைய லென்ஸின் வாய் அகலமாகத் திறக்கும், வெளிச்சம் அதிகம் வரும். ஷட்டரை நொடியில் 125-இல் ஒரு பங்குக்கு வைத்தால், கேமரா வெளிச்சத்தை உணரும் அளவான ஐஎஸ்ஓ 6400 வரைக்கும் போகும். கறுப்பு இருக்கவேண்டிய இடமெல்லாம் ரவையைக் கொட்டியதுபோல நாய்ஸ். அப்போதுதான் புத்தி 0.95 பக்கம் போனது. எஃப் 1.8-இலிருந்து 0.95-க்குப் போனால் மூன்றரை மடங்குக்கும் கொஞ்சம் அதிகமாக வெளிச்சம் உள்ளே வரும். 6400 இருந்த இடத்தில் 1800 போதும். கணக்கு எழுதுகிறவனை மயக்க இந்தக் கணக்கே போதுமே.

போதாததற்கு அந்த மெழுகுவத்திக் கதை வேறு. சந்திரனின் மறுபக்கத்தைப் படம்பிடிக்க நாசாவுக்காக ஸைஸ் நிறுவனம் 1966-இல் 50 மி.மீ. எஃப் 0.7 லென்ஸ் செய்தது. மொத்தம் பத்தே பத்து. அதில் மூன்றை சினிமா இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக் வாங்கி, 1975-இல் வந்த ‘பேரி லிண்டன்’ படத்தில் மெழுகுவத்தி வெளிச்சத்திலேயே காட்சிகளை எடுத்தார். இதைப் படித்த அன்று ராத்திரி எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. நமக்கு நாசாவும் வேண்டாம், லைக்காவும் வேண்டாம். லைக்காவின் நாக்டிலக்ஸ் 0.95 விலை 10,000 டாலரைத் தாண்டும். நிக்கானின் 58 மி.மீ. நாக்ட் 2019-இல் வந்தபோது சுமார் 8,000 டாலர், எடை இரண்டு கிலோ. அதையெல்லாம் படத்தில் பார்த்துக் கும்பிட்டுக்கொள்ளலாம். ஆனால் நம் கைக்கு எட்டுகிற விலையிலும் சிலர் 0.95 செய்கிறார்களே! பழைய சரக்காக ஒன்று 42,000 ரூபாய்க்குக் கிடைத்தது. வீட்டில் சொன்ன தொகை வேறு, அதை இங்கே எழுதப்போவதில்லை.

முழுக்க மேனுவல் ஃபோகஸ். முன்கண்ணாடி டீக்கடைக் கிளாஸின் வாய் அகலம். கையில் வைத்துத் திருப்பினால் நல்லெண்ணெய் போல வழுக்கிக்கொண்டு போகும் வளையம். அழகான பொருள், அதில் சந்தேகமில்லை.

முதல் கூத்து. துரியோதனன் வேஷக்காரர் திரைக்குப் பின்னால் நின்று பாடிவிட்டு வெளியே வருகிறார். நான் தரையில், அவர் இரண்டு மீட்டர் தூரத்தில். லென்ஸின் வாய் அகலத் திறந்தால் ஷார்ப்பாக இருக்கிற ஆழம் குறையும். அந்தத் தூரத்தில் 0.95-இல் அது முன்பின் எல்லாம் சேர்த்து ஒரு உள்ளங்கை அகலம். அதற்குள் நிற்க அவர் என்ன சிலையா? கிறுகிறுவென்று சுற்றுகிறார், சலங்கை தரையை உடைக்கிறது, நான் வளையத்தைத் திருப்பிக்கொண்டே இருக்கிறேன். விடியற்காலை ஐந்து மணிக்கு எண்ணிப் பார்த்தேன். 611 படம். ஃபோகஸ் உட்கார்ந்தது 19. அதிலும் ஏழெட்டில் அவர் கண்ணை மூடியிருந்தார். நாய்ஸ் மட்டும் கொஞ்சம்கூட இல்லை. மங்கலான படம் பட்டுப்போலச் சுத்தமாக இருந்தது.

குப்ரிக் கதையில் நான் தாண்டிப்போன வரி ஒன்று இருந்தது. அந்தக் காட்சிகளில் நடிகர்களை அதிகம் அசைய விடவில்லை. தூரத்தை அளக்கப் பக்கவாட்டில் ஒரு வீடியோ கேமராவே தனியாக வைத்திருந்தார்கள். நம் துரியோதனனிடம் போய் ‘ஐயா, கொஞ்சம் அசையாமல் ஆடுங்கள்’ என்று சொல்ல முடியுமா?

இது என் கதை. விற்பதா, வைத்துக்கொள்வதா என்று இன்னும் முடிவாகவில்லை. நீங்கள் பட்டதையும் எழுதுங்கள்.

*

காவிரிக்கரை:

அண்ணா, 19 கிடைத்ததே, பெரிய விஷயம். நான் கல்யாணம் எடுப்பவள். கும்பகோணம் பக்கம் ஒரு முகூர்த்தம், காலை நாலரை டு ஆறு. மண்டபம் பழசு, மணவறையில் மஞ்சள் பல்பு. பெண்ணின் அண்ணன் ஏதோ சினிமா போஸ்டரைக் காட்டி ‘பின்னாடி எல்லாம் உருகி ஓடணும்’ என்று கேட்டிருந்தார். சரி என்று 85 மி.மீ. எஃப் 1.2 ஒன்றை நாள் வாடகைக்கு எடுத்தேன். ஒரு கிலோவுக்கு மேல் எடை. ஆட்டோஃபோகஸ் உண்டு, ஆனால் அந்தக் கண்ணாடிக் கட்டியை மோட்டார் தள்ளிக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் நாம் ஒரு வாய் காபி குடித்துவிடலாம்.

பெண் அழைப்பு வரைக்கும் சொர்க்கம்தான். பின்னால் தொங்கிய சீரியல் பல்பெல்லாம் வட்ட வட்டமாக, பெண் தேவதை மாதிரி. நானே கொஞ்சம் கர்வப்பட்டேன்.

அப்புறம் கெட்டிமேளம். ஹோமப் புகை வேறு. மாப்பிள்ளை குனிகிறார், தாலி கையில், அந்த நேரம் பார்த்து எல்லாரும் அட்சதையை வீசுகிறார்கள். ஐந்தாறு கிளிக். ரிவ்யூவில் பார்த்தால் ஒரு படத்தில் அந்தரத்தில் நிற்கும் மூன்று அரிசிமணிகள் அப்படி ஒரு ஷார்ப். மஞ்சள் தடவின அரிசியில் ஒடிந்த முனைகூடத் தெரிகிறது. மாப்பிள்ளையும் பெண்ணும் பின்னால் இரண்டு நிறத் திட்டு. இன்னொன்றில் மாப்பிள்ளையின் விரல் ஷார்ப், தாலி மங்கல். தாலி கட்டுகிறதற்கு ரீடேக் கேட்க முடியாது அண்ணா. என்னுடன் வந்த பையன் 24-70 மி.மீ. எஃப் 2.8 ஜூம் லென்ஸை வைத்துக்கொண்டு ஸ்டூல்மேல் நின்று எடுத்திருந்தான். ஐஎஸ்ஓ 6400. ஆல்பத்தில் போன படம் அவனுடையது. நாய்ஸ் பற்றி அந்த வீட்டில் ஒருத்தரும் மூச்சு விடவில்லை. அத்தை ஒருவர் மட்டும் தன் முகம் மறைந்திருக்கிறது என்று சண்டைக்கு வந்தார்.

இரண்டரை மீட்டரில் அந்த லென்ஸுக்கு மொத்தம் ஆறு சென்டிமீட்டர்தான் ஆழம் என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். போவதற்கு முன்னால் போட்டிருக்கவேண்டும்.

*

மொட்டைமாடி:

நான் வானத்தை எடுக்கிற ஆள். நட்சத்திரம் ஓடாது, ஆடாது, ஃபோகஸும் ஒரே இடம்தான். அதனால் வேகமான லென்ஸ் எனக்குச் சரிவரும் என்று 24 மி.மீ. எஃப் 1.4 வாங்கிக்கொண்டு கொடைக்கானல் மேலே போய்க் குளிரில் நடுங்கினேன். நடுவில் எல்லாம் புள்ளி. மூலைக்குப் போகப் போக ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் இறக்கை முளைத்துவிட்டது, வானம் முழுக்கக் குருவி. லென்ஸின் இந்தக் குறையைக் கோமா என்பார்கள். வழியில்லாமல் எஃப் 2.8-க்கு இறக்கி எடுத்தேன். அதாவது 1.4-க்குப் பணம் கொடுத்து 2.8-ஐ உபயோகிக்கிறேன். இதற்கு மேல் எழுதினால் அழுகை வரும்.

*

வடலி:

யாழ்ப்பாணத்தில இருந்து எழுதுறன். அந்த மெழுகுதிரிக் கதையை வாசிச்சதும் எனக்கு 2022 ஞாபகம் வந்திட்டுது. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை. ஃபானும் இல்லை, ஃபோனில் சார்ஜும் இல்லை. அம்மம்மா விறாந்தையில் கதிரையைப் போட்டு, முன்னால ஒரு ஸ்டூலில் மெழுகுதிரி ஏத்தி வச்சுக்கொண்டு இருப்பா. அதுவும் ஒண்டுதான். ரெண்டாவது ஏத்தினால் பேச்சு விழும், அந்த நேரம் திரிக்கும் விலை ஏறிப் போயிருந்தது.

என்னட்ட இருந்தது ஒரு பழைய கமராவும், எல்லாரும் வச்சிருக்கிற 50 மி.மீ. எஃப் 1.8-உம். ஐஎஸ்ஓ 3200, ஷட்டர் ஒரு செக்கனில் 15-இல் ஒரு பங்கு. மேசையில் முழங்கையை ஊண்டி, மூச்சைப் பிடிச்சு எடுத்தேன். அம்மம்மாவுக்கு 84 வயது, ஒரு இடத்தில் இருந்தால் இருந்ததுதான், அசையமாட்டா. திரியின் வெளிச்சம் கன்னத்துச் சுருக்கம் ஒவ்வொன்றிலும் விழுந்து, படம் வடிவா வந்தது. பின்சுவரில் அப்பப்பாவின் படமும் மங்கலாத் தெரியும். அது தெரிஞ்சதுதான் எனக்குப் பெரிசு. 0.95 எண்டால் அந்தச் சுவரே கரைஞ்சு போயிருக்கும்.

நூலகத்தில் வேலை செய்யிற நண்பர் ஒருவர் படத்தைப் பார்த்திட்டு என்ன லென்ஸ் எண்டு கேட்டார். சொன்னேன். அவர் நம்பேல்லை.

*

உப்புக்காற்று:

எல்லாரும் வாங்கும்போது ஆன செலவைச் சொல்கிறீர்கள். வைத்திருக்கிற செலவை நான் சொல்கிறேன். சென்னையில் கடலுக்குப் பக்கத்தில் வீடு. பெரிய லென்ஸ், வெளியே எடுத்துப்போகப் பயம், பீரோவில் பட்டுப்புடவைக்குப் பக்கத்தில் தோல் பையோடு வைத்தேன். ஒரு மழைக்காலம் முடிந்து எடுத்து டார்ச் அடித்துப் பார்த்தால் உள்கண்ணாடியில் சிலந்தி வலை மாதிரி பங்கஸ். பிரித்துத் துடைத்துக் கொடுத்தவர் ‘பூஞ்சை போய்விட்டது சார், கோட்டிங்கையும் கொஞ்சம் தின்றுவிட்டது’ என்றார். இப்போதும் தெருவிளக்கைப் பார்த்து எடுத்தால் ஒரு புகைமூட்டம் வரும். தோல் பையில் வைக்காதீர்கள், ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதே அதுதான். காற்றுப் புகாத டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல், வாரம் ஒருமுறையாவது வெளியே எடுத்து வெளிச்சம் காட்டுங்கள். விலை உயர்ந்த லென்ஸ் என்று பங்கஸுக்குத் தெரியாது.

இன்னொன்று. இப்போது ஃபோனிலேயே நைட் மோட் வந்துவிட்டதே, இதெல்லாம் எதற்கு என்று என் மகன் கேட்கிறான். யாராவது பதில் சொல்லுங்கள்.

*

கூத்துக்கொட்டகை:

உப்புக்காற்று சார், உங்கள் மகனுக்கு: நைட் மோட் பல படங்களை அடுத்தடுத்து எடுத்து ஒன்றாக அடுக்குகிறது. வடலியின் அம்மம்மாவுக்கு அது சரிப்படும். என் துரியோதனனை அப்படி எடுத்துப் பார்த்தேன், மூன்று கை, ஒன்றரைத் தலை.

தங்கச்சி சொன்ன அரிசிமணி என்னை விட்டுப் போகவே இல்லை. அதனால் முதல் பதிவில் விட்டுப்போனதை இப்போது எழுதுகிறேன்.

கூத்து தொடங்குவதற்கு முன்னால், கொட்டகைக்குப் பின்பக்கம் வேஷம் கட்டுகிற இடத்தில் ஒரே ஒரு பல்பு. துரியோதனன் வேஷக்காரர் பாயில் சம்மணம் போட்டு, உள்ளங்கையளவு கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு ஈர்க்குச்சியால் கண்ணுக்கு மை இழுத்துக்கொண்டிருந்தார். ஆடாமல் அசையாமல் இருக்கிறார், இதைவிட என்ன வேண்டும்! ஒரு மீட்டர் தூரம். அந்தத் தூரத்தில் ஆழம் இரண்டு சென்டிமீட்டர். கண்ணாடிக்குள் தெரியும் கண்ணைத்தான் எடுக்கவேண்டும் என்று தோன்றியது. கண்ணாடியின் விளிம்பில், காய்ந்துபோன சிவப்புச் சாயத்தில் ஃபோகஸ் வைத்து எடுத்தேன். வீட்டில் வந்து பார்த்தால் சாயம் ஷார்ப், கண் காணோம். கொஞ்ச நேரம் புரியவில்லை. கண்ணாடிக்குள் தெரிகிற கண் கண்ணாடியின் பரப்பிலா இருக்கிறது? அவர் முகம் கண்ணாடிக்கு முன்னால் எவ்வளவு தூரமோ அவ்வளவு தூரம் உள்ளே தள்ளி இருக்கிறது. எஃப் 8-இல் எடுத்திருந்தால் தப்பு இவ்வளவு பச்சையாகத் தெரிந்திருக்காது. பள்ளிக்கூடத்தில் படித்த ஒளியியலை 42,000 ரூபாய் கொடுத்து மறுபடி படித்தேன்.

அடுத்த வாரம் வேறு ஊரில் அதே ஜமா, அதாவது அதே கூத்துக் குழு. இந்த முறை விளிம்பை விட்டுவிட்டு உள்ளே இருக்கிற கண்ணைத் தேடிப் பிடித்தேன். மை தீட்டிய ஒரு கண் மட்டும் இருட்டுக்குள்ளிருந்து என்னைப் பார்க்கிறது, மற்றதெல்லாம் கரைந்து போயிருக்கிறது. இதுவரை நான் எடுத்ததில் எனக்குப் பிடித்த படம் அதுதான். அந்த இருட்டில் ஐஎஸ்ஓ 800-க்குள் அது வந்ததற்கு அந்த லென்ஸ்தான் காரணம். அதனால்தான் விற்க மனம் வரவில்லை. கூத்து நடக்கும்போது இப்போது மாட்டுவது 35 மி.மீ. எஃப் 1.8. நாய்ஸ் வந்தால் வந்துவிட்டுப் போகட்டும்.

பெரிதாகப் பிரின்ட் போட்டு, ஃபிரேம் மாட்டி, அந்தக் கண் படத்தையும் ஆட்டத்தில் எடுத்த ஒரு நல்ல படத்தையும் அவருக்கே கொண்டுபோய்க் கொடுத்தேன். ஆட்டப் படமும் 0.95-இல் எடுத்ததுதான், அந்த 19-இல் ஒன்று. மூக்கும் மீசையும் அப்படி ஒரு தெளிவு. அவர் இரண்டையும் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். பக்கத்தில் இருந்த கட்டியங்காரன் வேஷக்காரரும் எட்டிப் பார்த்தார்.

‘நல்லாத்தான் இருக்குது தம்பி. ஆனா மூஞ்சி மட்டும்தான இருக்கு. கிரீடம் எங்க? புஜக்கட்ட எங்க போச்சு?’

பின்னணி மங்கிக் கரைகிற அழகை, பொக்கே என்பார்களே, அதைப் பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் எழுந்துபோய்ப் பெட்டியைத் திறந்து புஜக்கட்டையை எடுத்து என் கையில் வைத்தார். மரம். அதன்மேல் ஒட்டிய கண்ணாடிச் சில்லுகள், ஜிகினாத்தாள், ஓரத்தில் இரண்டு சில்லு உதிர்ந்த இடத்தில் புதிதாக ஒட்டின பசை இன்னும் பளபளத்தது. ராத்திரி வேஷம் கட்ட இரண்டு, மூன்று மணி நேரம் ஆகும் என்றார். என் படத்தில் அது தோளுக்குப் பக்கத்தில் ஒரு ஆரஞ்சுப் புகை.

பங்குனியில் புதுக் கிரீடம் கட்டுகிறாராம். பேனருக்குப் போடத் தலை முதல் கால்வரை படம் வேண்டுமாம், வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். கிளம்பும்போது கூப்பிட்டு இன்னொன்றும் சொன்னார்.

‘ஃபிளாஷ் போட்டு எடுப்பா.’