ஆட்டோவில் மதியத்துக்குள் போன் பேட்டரி தீர்ந்துவிடுகிறது, என்ன செய்யலாம்?

மாட்டுத்தாவணி ஆட்டோ:
வணக்கம். மதுரையில் ஆட்டோ ஓட்டுகிறேன். காலை ஆறு மணிக்கு நூறு சதவீதத்தோடு வண்டியை எடுத்தால் பதினொரு மணிக்கெல்லாம் இருபதில் வந்து நிற்கிறது. வண்டியில் சார்ஜ் போட்டாலும் ஏறுவதில்லை. வெயில் நேரத்தில் சூடு அதிகம் என்று காட்டிவிட்டுச் சார்ஜே நின்றுபோகிறது. சவாரிச் செயலி, வரைபடம், டேட்டா மூன்றும் நாள் முழுக்க ஓடியாக வேண்டும். அவற்றை நிறுத்தினால் பிழைப்பு இல்லை. போன் முன்கண்ணாடியை ஒட்டிய ஸ்டாண்டில் இருக்கிறது. 5000 எம்ஏஎச் கொள்ளளவுள்ள பேட்டரி, வாங்கி இரண்டு வருடம் தாண்டிவிட்டது. ரப்பர் கவரும் இப்போது சரியாகப் பொருந்தாமல் ஓரத்தில் பிதுங்குகிறது, புதிதாக ஒன்று வாங்க வேண்டும். ஆட்டோ ஸ்டாண்டில் ஒருவர் பவர் பேங்க் வாங்கு என்கிறார். இன்னொருவர் வாரம் ஒருமுறை அணையும்வரை விட்டுப் பிறகு ஏற்று என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

வைகைக்கரை:
இரண்டாவது ஆள் சொன்னதுதான் சரி. முழுக்கத் தீர்ந்த பிறகுதான் சார்ஜ் போட வேண்டும். பாதியில் போட்டுப் போட்டு எடுத்தால் பேட்டரி கெட்டுவிடும். பயன்படுத்தாத செயலிகளை எல்லாம் அவ்வப்போது தள்ளி மூடிவிடுங்கள். நான் 2003 முதல் இப்படித்தான் செய்கிறேன்.

திண்டுக்கல் சர்வீஸ்காரன்:
அண்ணே, மற்றதெல்லாம் பிறகு. அந்த ரப்பர் கவரைக் கழற்றிப் போனைச் சமமான மேசையில் மல்லாக்க வையுங்கள். ஓரத்தை விரலால் சுண்டினால் பம்பரம் போலச் சுற்றுகிறதா? திரைக்கும் சட்டத்துக்கும் நடுவில் நகம் நுழையும் அளவு இடைவெளி தெரிகிறதா? தெரிந்தால் கவர் சுருங்கவில்லை, உள்ளே பேட்டரி உப்பியிருக்கிறது. இரண்டு வருடம் வெயிலில் வெந்த போனின் கவர் திடீரென்று பொருந்தவில்லை என்றால் என் சந்தேகம் அங்கேதான் போகும்.

உப்பியிருந்தால் இன்றோடு சார்ஜ் போடுவதை நிறுத்துங்கள். பின்மூடியை அமுக்கி ஒட்டவைக்கப் பார்க்காதீர்கள். ஊசியால் குத்திக் காற்றை எடுக்கலாம் என்று எவனாவது வீடியோவில் காட்டியிருப்பான், அந்தப் பக்கமே போகாதீர்கள். உள்ளே இருக்கும் படலங்கள் ஒன்றோடொன்று தொட்டால் தீப்பிடிக்கும். பேட்டரியை மாற்றும்வரை பவர் பேங்க் யோசனையும் வேண்டாம். உப்பிய பேட்டரிக்குள் இன்னும் மின்சாரத்தைத் திணிப்பதுதான் அது.

இனி ஏன் இப்படி ஆனது என்பதற்கு வருகிறேன். உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் நூறு, மதியம் ஒருமுறை ஏற்றல், இரவில் மறுபடியும். ஒரு நாளைக்கு ஒன்றரை முழுச் சார்ஜ் என்று வைத்தாலும் இரண்டு வருடத்தில் ஆயிரத்தைத் தாண்டிவிடும். ஐம்பது ஐம்பதாக இரண்டு முறை ஏற்றினால் அது ஒரு சுழற்சி. எத்தனை முறை ஒயரைச் செருகினீர்கள் என்பது கணக்கில்லை. ஐபோன் 14 வரையிலான மாடல்களுக்கு 500 சுழற்சிக்குப் பிறகும் புதிதில் இருந்ததில் 80 சதவீதக் கொள்ளளவு மிஞ்சும், 15 முதல் 1000 சுழற்சி என்று ஆப்பிளே சொல்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் முதல் விற்பனைக்கு வரும் போன்கள் 800 சுழற்சிக்குப் பிறகும் 80 சதவீதத்தைத் தாங்க வேண்டும் என்பது விதி. அந்தக் கணக்குகள் சூடில்லாத இடத்தில் போடப்பட்டவை. மே மாத மதுரையில், கண்ணாடிக்குப் பின்னால், முழு வெளிச்சத்தில், ஜிபிஎஸ் ஓட ஓட, அதே நேரம் சார்ஜும் ஏறினால் எந்தக் கணக்கும் நிற்காது. நீங்கள் பேட்டரியைக் கெடுக்கவில்லை, தொழில் தேய்த்துவிட்டது.

எனவே புதுப் பேட்டரி மாற்றுவது ஒரு பாதி வேலைதான். போன் ஸ்டாண்டை இடம் மாற்றாமல் பேட்டரியை மட்டும் மாற்றினால் அடுத்த கோடையில் திரும்ப வருவீர்கள். எனக்கு வியாபாரம்தான், இருந்தாலும் சொல்கிறேன். கண்ணாடியிலிருந்து இறக்கி ஹேண்டில்பாருக்குக் கீழே, காற்று படும் நிழலில் வையுங்கள். நிழலுக்கு வந்தால் திரை வெளிச்சத்தையும் குறைத்துக்கொள்ளலாம், பாதி மிச்சம் அங்கேயே கிடைக்கும். தடித்த ரப்பர் கவர் சூட்டை வெளியே விடாது, மெல்லியதாக வாங்குங்கள். ஓடும்போது சார்ஜ் போடாமல், சவாரிக்குக் காத்திருக்கும்போது நிழலில் வைத்து ஏற்றுங்கள். அதிவேக சார்ஜர் வேண்டாம், சாதாரண 10 வாட் போதும். சூடாகிவிட்டது என்று குளிர்சாதனப் பெட்டியில் வைக்கிறவர்களும் உண்டு. உள்ளே நீர் கோத்துக்கொள்ளும்.

இரண்டாவது சிம் வைத்திருக்கிறீர்களா? அதற்குச் சிக்னல் சரியாகக் கிடைக்காவிட்டால் போன் ஓயாமல் கோபுரத்தைத் தேடிக்கொண்டே இருக்கும். அணைத்துவிடுங்கள். 5ஜி வந்து வந்து போகும் பகுதிகளில் 4ஜியில் நிறுத்திவைப்பதும் உதவும். சவாரிச் செயலிக்கு அதுவே தாராளம்.

வைகைக்கரை ஐயா, 2003இல் உங்கள் கையில் இருந்தது நிக்கல் பேட்டரியாக இருந்திருக்கலாம். பாதியில் ஏற்றினால் கெடும் என்ற பேச்சு நிக்கல் காட்மியம் காலத்துக்கு உரியது. இன்றைய போன்களில் இருக்கும் லித்தியம் பேட்டரியில் அது இல்லை. அடிக்கடி அடிமட்டம் வரை இறக்குவதுதான் அதற்குக் கெடுதல். செயலிகளைத் தள்ளி மூடுவதாலும் பெரிய லாபம் கிடையாது. மூடிய செயலியை மறுபடி திறக்கும்போது முதலிலிருந்து ஏற்ற வேண்டியிருப்பதால் சில நேரம் செலவு கூடும்.

கெமிஸ்ட்ரி டீச்சர்:
சர்வீஸ்காரர் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். பேட்டரி முழுதாக நிறைந்து நிற்கும்போது ஒவ்வொரு மின்கலத்திலும் 4.2 வோல்ட் அல்லது அதற்கு மேல் மின்னழுத்தம் இருக்கும். இன்றைய போன்களில் 4.4ஐத் தாண்டியும் போகிறது. அந்த மின்னழுத்தத்தில் உள்ளிருக்கும் கரைசல் மெல்லச் சிதைகிறது. சூடும் சேர்ந்தால் சிதைவு வேகமாகி வாயு உண்டாகிறது, பேட்டரியின் பை போன்ற உறை உப்புகிறது. அதனால்தான் பல போன்களில் இப்போது 80 சதவீதத்தில் நிறுத்தும் வசதியைத் தருகிறார்கள். இரவெல்லாம் சார்ஜரில் வைப்பவர்களுக்கு அது நல்லது.

வைகைக்கரை:
80இல் நிறுத்தினால் அவர் காலையிலேயே இருபது சதவீதத்தை இழந்துவிட்டுத்தானே கிளம்ப வேண்டும்? பேட்டரி நீடிக்கும், சவாரி நீடிக்காது.

கெமிஸ்ட்ரி டீச்சர்:
அது சரியான கேள்வி. நாள் முழுக்க வெளியில் ஓடுகிறவர் தினமும் எண்பதோடு கிளம்ப வேண்டியதில்லை. எழுந்திருக்கும் நேரத்தைக் கணித்து அதற்குச் சற்று முன்பு நூறைத் தொடும் அமைப்பு பல போன்களில் உண்டு, அதைப் போட்டுக்கொள்ளட்டும். நூறில் பல மணி நேரம் சும்மா கிடப்பதைத் தவிர்ப்பதுதான் நோக்கம்.

மாட்டுத்தாவணி ஆட்டோ:
அண்ணே, மேசையில் வைத்துச் சுண்டினேன். நன்றாகவே சுற்றியது. பின்மூடி ஒரு பக்கம் தூக்கியிருக்கிறது, கவருக்குள் இருந்ததால் தெரியவில்லை. வீட்டில் இருந்த பழைய போனில் சிம்மைப் போட்டு ஓட்டுகிறேன். கம்பெனி சர்வீஸ் நிலையத்தில் கேட்ட விலைக்கும் தெருக்கடை விலைக்கும் இரண்டு மடங்குக்கு மேல் வித்தியாசம். தெருக்கடைக்காரரும் ஒரிஜினல் என்றுதான் சத்தியம் செய்கிறார். எப்படிப் பார்த்து வாங்குவது?

திண்டுக்கல் சர்வீஸ்காரன்:
சர்வீஸ் நிலையத்தில் அந்த மாடலுக்குப் பேட்டரி இன்னும் கிடைக்கிறதென்றால், வண்டிக்கு ஒரு வாரப் பெட்ரோலைக் குறைத்துக்கொண்டாவது அங்கே மாற்றுங்கள். நானே தெருக்கடை வைத்திருப்பவன்தான். எங்களுக்கு வரும் சரக்கில் நல்லதும் உண்டு, குப்பையும் உண்டு. வெளியில்தான் மாற்றுவது என்றால் பேட்டரியைப் போனுக்குள் போடுவதற்கு முன் கையில் வாங்கிப் பாருங்கள். மேலே இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் முத்திரையும், ஐஎஸ் 16046 என்ற எண்ணும், ஆர் என்ற எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் அச்சாகியிருக்க வேண்டும். அச்சையும் போலியாகப் போடுவார்கள், ஆனால் அதுகூட இல்லாததைத் தொடவே தொடாதீர்கள். உங்கள் போனில் இருந்தது 5000 என்றால், அதே அளவில் 6500 என்று அச்சடித்து எவனாவது கொடுத்தால் கடையை விட்டு இறங்கிவிடுங்கள். அதே இடத்தில் அவ்வளவு கூடுதலாக அடங்காது. எடையும் காட்டிக்கொடுக்கும், மளிகைக்கடைத் தராசில் பழையதையும் புதியதையும் வைத்துப் பார்த்தால் போலி பெரும்பாலும் இலகுவாக இருக்கும்.

பழையதை வண்டி டூல் பெட்டியில் போட்டு வைக்காதீர்கள், வீட்டுக் குப்பையிலும் போடாதீர்கள். மாற்றுகிற இடத்திலேயே மின்கழிவாக ஒப்படைத்துவிடுங்கள். புதியதைப் போட்ட பிறகு முதல் சில நாட்கள் சதவீதம் தாறுமாறாகக் காட்டினால் பயப்பட வேண்டாம், ஒருமுறை முழுதாக இறக்கி ஏற்றினால் கணக்கு சரியாகும். வைகைக்கரை ஐயா, இந்த ஒரு இடத்தில் மட்டும் உங்கள் வழி செல்லும்.

வைகைக்கரை:
அதுவாவது கிடைத்ததே. என் போன் கவரும் கொஞ்ச நாளாகப் பொருந்தவில்லை, கழற்றிப் பார்த்துவிட்டு வருகிறேன்.