அம்மாவுக்கு இரண்டு முட்டியும் ஒரே நேரத்தில், ரோபோ வைத்து ஆபரேஷன் என்கிறார்கள். இப்போதே செய்யலாமா?

காசிமேட்டுப் பையன்:

எல்லோருக்கும் வணக்கம். அம்மாவுக்கு 61 வயது. காசிமேட்டில் விடியற்காலையில் ஏலத்தில் மீன் எடுத்து, பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கம் மார்க்கெட்டில் வைத்து விற்கிறார், எனக்கு நினைவு தெரிந்த நாளாய் இதே வேலைதான். மனைக்கட்டையில் குந்தி உட்கார்ந்து அரிவாள்மனையில் மீன் ஆய்ந்து கொடுக்க வேண்டும். இப்போது எழுந்திருக்க பக்கத்துக் கடை அக்கா கை கொடுத்தால்தான் முடிகிறது. கால் வில் மாதிரி வளைந்துவிட்டது, செருப்பில் வெளி ஓரம் மட்டும் தேய்ந்து போயிருக்கிறது. ராத்திரியில் புரண்டு படுத்தாலே முனகுகிறார்.

தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் காட்டினோம். நின்றபடி எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, தேய்மானம் இடது முட்டியில் நாலாவது கிரேடு (அதுதான் கடைசி நிலை), வலதில் மூன்று, இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றிவிடலாம், ரோபோ வைத்துச் செய்தால் மூட்டு ரொம்ப நாள் வரும் என்றார்கள். அட்மிஷன் தேதியும் குறித்துக் கொடுத்துவிட்டார்கள். அவர்கள் சொன்ன தொகைக்கு அம்மாவின் நகை மொத்தத்தையும் வைத்தாலும் பத்தாது. சுகர் இருக்கிறது, மூன்று மாத சராசரி (HbA1c) 9.1. அதைப் பற்றி அங்கே யாரும் பெரிதாகப் பேசவில்லை, அதுதான் எனக்கு உறுத்துகிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பிசியோ தண்டையார்பேட்டை:

தம்பி, அந்த உறுத்தல் நியாயமானதுதான். முதலில் ஒன்றைக் கேட்கிறேன், அம்மாவுக்கு இதுவரை யாராவது முறையாக உடற்பயிற்சி சொல்லிக் கொடுத்தார்களா? பெரும்பாலும் இங்கே நடப்பது மாத்திரை, அப்புறம் முட்டியில் ஒரு ஊசி, அப்புறம் நேராக ஆபரேஷன். நடுவில் இருக்க வேண்டிய படி காணாமல் போய்விடுகிறது.

2020-ல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ஒரு ஆய்வு வந்தது. முட்டி தேய்மானம் உள்ள 156 பேரில் பாதிப் பேருக்கு ஸ்டீராய்டு ஊசி, பாதிப் பேருக்கு பிசியோதெரபி. ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது வலியும் சரி, நடமாட்டமும் சரி, பிசியோ செய்தவர்களுக்குத்தான் நன்றாக இருந்தது. அதற்கும் முன்னால், 2015-ல், டென்மார்க்கில் ஆபரேஷன் செய்துகொள்ளத் தகுதியான 100 பேரை எடுத்துக்கொண்டு, ஒரு பாதிக்கு மூட்டு மாற்று ஆபரேஷனோடு பயிற்சியும், இன்னொரு பாதிக்குப் பயிற்சி, எடை குறைப்பு, வலி மாத்திரை மட்டும் என்று பிரித்தார்கள். ஆபரேஷன் ஆனவர்களுக்குக் கிடைத்த பலன் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு, அதை மறைக்கக் கூடாது. ஆனால் பெரிய சிக்கல்கள் வந்ததும் அவர்களுக்குத்தான் அதிகம். பயிற்சி மட்டும் செய்த பக்கத்தில் ஒரு வருடத்துக்குள் ஆபரேஷனுக்குப் போனவர்கள் நாலில் ஒருவர்தான், மற்றவர்கள் அந்த ஒரு வருடத்தையாவது கத்தி படாமல் ஓட்டினார்கள்.

அதனால் ஆபரேஷன் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கால் வளைந்து, ராத்திரி தூக்கமும் கெட்டுவிட்டது என்றால் இடது முட்டிக்கு அது தேவைப்படும் என்றுதான் எனக்கும் தோன்றுகிறது. ஆனால் தேதியை நிர்ணயிக்க வேண்டியது அம்மாவின் உடம்பு. இன்றைக்கே ஆரம்பிக்கலாம்: காலை நீட்டி உட்கார வைத்து, முட்டிக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, அதைக் கீழே அழுத்திப் பிடித்து ஐந்து வரை எண்ணிவிட்டு விட வேண்டும். தொடைச் சதை இறுகுகிறதா என்று கை வைத்துப் பாருங்கள், இறுகினால்தான் சரியாகச் செய்கிறார் என்று அர்த்தம். இந்தச் சதைதான் ஆபரேஷனுக்குப் பிறகும் அவரை எழுந்து நிற்க வைக்கப் போகிறது. வீட்டுக்கே வந்து சொல்லித்தர ஆள் வேண்டுமானால் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோவும் உண்டு. 2021-லிருந்து நடக்கிறது, பக்கத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள்.

கல்மண்டபம் ரவி:

எங்கள் நைனாவுக்கு ஒரு முட்டி மாற்றியாகிவிட்டது, அரசு மருத்துவமனையில், முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில். நீங்கள் முதலில் அந்த அட்டை இருக்கிறதா என்று பாருங்கள். வருட வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் கிடைக்கும், குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை, மூட்டு மாற்றும் அதில் வருகிறது. உங்களுக்கு ஸ்டான்லி அரசு மருத்துவமனை கூப்பிடு தூரம். கூட்டம் இருக்கும், காத்திருக்க வேண்டும், வார்டில் கூட ஒரு ஆள் எப்போதும் இருக்க வேண்டும், இதெல்லாம் உண்மை. ஆனால் நகை வீட்டிலேயே இருக்கும்.

தனியாரில்தான் என்றால் பில்லைப் பிரித்து எழுதிக் கேளுங்கள். 2017 ஆகஸ்டில் மத்திய அரசின் மருந்து விலை ஆணையம் முட்டி இம்ப்ளான்ட்டுக்கு, அதாவது உள்ளே பொருத்துகிற செயற்கை மூட்டுக்கு, உச்ச விலை வைத்தது. சாதாரணமாகப் போடுகிற கோபால்ட் குரோமியம் வகைக்கு 54,720 ரூபாய், டைட்டானியம் வகைக்கு 76,600, வரி தனி. அதற்கு முன்னால் ஒன்றரை லட்சத்துக்கு மேலும் வாங்கிக்கொண்டிருந்தார்கள். ஆனால் உச்ச விலை அந்தப் பொருளுக்கு மட்டும்தான். அறை வாடகை, டாக்டர் ஃபீஸ், தியேட்டர், ரோபோ என்று மற்றதெல்லாம் அவரவர் இஷ்டம். அதனால் மொத்தத் தொகையை மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். எந்த இம்ப்ளான்ட், என்ன விலை, அதன் ஸ்டிக்கரை டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒட்டித் தருவீர்களா என்று கேளுங்கள். நாளைக்கு ஏதாவது பிரச்சினை என்றால் அந்த ஸ்டிக்கரில் உள்ள நம்பர்தான் கைக்கு வேண்டும்.

ரோபோ விஷயத்தை எலும்பு டாக்டர் யாராவது சொன்னால் நல்லது.

எலும்புப்பிரிவு மருத்துவர்:

அரசுப் பணியில் இருப்பதால் பெயர் போடவில்லை. நேரில் பார்க்காமல் முடிவு சொல்லவும் கூடாது, ஆனால் நீங்கள் எழுதியதில் சில இடங்களில் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

சுகர்தான் முதல். 9.1 வைத்துக்கொண்டு அவசரமில்லாத மூட்டு மாற்றுக்கு நான் தேதி கொடுக்க மாட்டேன். ஏழரை, அதிகபட்சம் எட்டுக்குள் வரட்டும் என்பதுதான் பெரும்பாலான இடங்களில் வழக்கம். காரணம் கிருமித் தொற்று. நூற்றில் ஒருவர் இருவருக்குத்தான் வருகிறது, ஆனால் வந்தால் போட்ட மூட்டையே கழற்றிச் சுத்தம் செய்து, சில மாதம் கழித்து மறுபடி போட வேண்டிய நிலைகூட வரும். உலோகத்தின் மேல் கிருமி படலமாக ஒட்டிக்கொண்டால் மாத்திரை ஊசிக்கு அசையாது. பல்லில் சொத்தை, காலில் ஆறாத புண், சிறுநீரில் எரிச்சல் ஏதாவது இருந்தால் அதையும் முன்பே சரிசெய்யுங்கள். மீன் வேலை என்பதால் கை விரல்களில் முள் குத்திய புண் இருக்கும், அதையும் டாக்டரிடம் காட்டுங்கள்.

இரண்டும் ஒரே நேரத்தில் என்பது ஒரே மயக்க மருந்து, ஒரே அட்மிஷன், செலவும் கொஞ்சம் குறையும், அதனால் குடும்பங்களுக்குப் பிடிக்கிறது. ஆனால் இதயத்துக்கும் நுரையீரலுக்கும் சுமை அதிகம், ரத்த இழப்பும் அதிகம். வயது குறைவு, இதயம் திடம், சுகர் கட்டுப்பாடு என்று தேர்ந்தெடுத்துத்தான் செய்ய வேண்டும். உங்கள் அம்மாவுக்கு வலது முட்டி மூன்றாம் கிரேடுதான் என்கிறீர்கள். எக்ஸ்ரே கிரேடை வைத்து ஆபரேஷன் முடிவு செய்வதில்லை, அந்த முட்டி எவ்வளவு வலிக்கிறது என்று அம்மாவையே கேளுங்கள். இடது கால் நேரானதும் நடையே மாறி வலது பக்கம் சமாளித்துக்கொள்கிறவர்களை நிறையப் பார்க்கிறேன்.

ரோபோ: எலும்பை அளவாக வெட்டவும் கோணத்தைச் சரியாக வைக்கவும் உதவுகிறது, அதில் சந்தேகமில்லை. ஆனால் மூட்டு ரொம்ப நாள் வரும் என்று உறுதி கொடுக்க ஆதாரம் இல்லை. தென்கொரியாவில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை ரோபோ, வழக்கமான முறை என்று குலுக்கல் முறையில் பிரித்து, பத்து வருடத்துக்கு மேல் தொடர்ந்து பார்த்து 2020-ல் வெளியிட்டார்கள். வலி, நடை, மூட்டின் ஆயுள் எதிலும் வித்தியாசம் இல்லை. அது பழைய தலைமுறை ரோபோ, இப்போதுள்ளவை வேறு. ஆனாலும் நகையை அடகு வைத்து வாங்க வேண்டிய அளவுக்கு ஒன்றுமில்லை. வழக்கமான முறையிலேயே, 2019-ல் லான்செட் இதழில் வந்த கணக்குப்படி, முழு மூட்டு மாற்றில் நூற்றுக்கு 82 மூட்டுகள் 25 வருடம் தாங்குகின்றன.

இன்னொன்றும் கேட்டுப் பாருங்கள். உள்பக்கம் மட்டும்தான் தேய்ந்து, உள்ளே இருக்கும் தசைநார்கள் நன்றாக இருந்தால், தேய்ந்த பக்கத்தை மட்டும் மாற்றுகிற பாதி மூட்டு மாற்றே போதும். பிரிட்டனில் 528 பேரை வைத்து 5 வருடம் பார்த்த ஆய்வில் முழு மாற்றும் பாதி மாற்றும் ஏறக்குறைய சமமாகத்தான் வந்தது, பாதி மாற்றுக்குச் செலவு குறைவு. ஆயுளில் அது கொஞ்சம் பின்தங்கும், 25 வருடத்துக்கு நூற்றில் 70. கால் ரொம்பவே வளைந்திருந்தால் அது பொருந்தாமல் போகலாம்.

காசிமேட்டுப் பையன்:

மூன்று பேருக்கும் மனமார்ந்த நன்றி. அந்தத் தேதியை ரத்து செய்துவிட்டேன், சுகர் டாக்டரிடம் போகிறோம். அம்மா கேட்கச் சொன்னது: ஆபரேஷனுக்குப் பிறகு கீழே உட்கார்ந்து மீன் ஆய முடியுமா? ஹை ஃப்ளெக்ஸ் என்று ஒரு வகை போட்டால் குந்தலாம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அப்புறம், வலி தாங்காமல் மெடிக்கலில் டைக்ளோஃபெனாக் மாத்திரை வாங்கி தினமும் போட்டுக்கொண்டிருக்கிறார், பரவாயில்லையா?

பிசியோ தண்டையார்பேட்டை:

குந்துவதை மறந்துவிடச் சொல்லுங்கள். ஹை ஃப்ளெக்ஸ் போட்டாலும் மடங்குகிற அளவில் பெரிய வித்தியாசம் வருவதில்லை, ஆபரேஷனுக்கு முன்னால் எவ்வளவு மடங்கியதோ அதுதான் பெரும்பாலும் பிறகும். வேலையை உயர்த்த வேண்டும். இடுப்பு உயரத்தில் ஒரு பலகை, நின்றுகொண்டோ உயரமான ஸ்டூலில் உட்கார்ந்தோ வெட்டுக்கத்தியில் மீன் ஆயலாம், சில மார்க்கெட்டுகளில் அப்படித்தான் வெட்டுகிறார்கள். வீட்டுக் கழிப்பறையையும் இப்போதே மாற்றுங்கள், ஆபரேஷன் முடிந்து வந்த பிறகு கொத்தனாரைத் தேடாதீர்கள். மாற்ற இடமில்லை என்றால் நடுவில் ஓட்டை போட்ட நாற்காலி கிடைக்கிறது. முக்கியமாக, ஆபரேஷனுக்குப் பிறகு சுகமாக இருக்கிறது என்று முட்டிக்கு அடியில் தலையணை வைத்துப் படுக்க விடாதீர்கள், கால் மடங்கினபடியே நின்றுவிடும். தலையணை வேண்டுமானால் குதிகாலுக்கு அடியில்.

கல்மண்டபம் ரவி:

நைனா அந்தத் தலையணைக்காக எங்களோடு சண்டையே போட்டார். விட்டுக்கொடுக்காதீர்கள். ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்த ஊசியையும் வீட்டுக்கு வந்த பிறகு வேண்டாம் என்றார், அதையும் விடாமல் போட்டோம்.

எலும்புப்பிரிவு மருத்துவர்:

ரவி சொன்ன ஊசி முக்கியம். ஆஸ்திரேலியாவில் 2022-ல் வந்த பெரிய ஆய்வில் ஆஸ்பிரின் மட்டும் எடுத்தவர்களில் 90 நாளுக்குள் ரத்த உறைவு வந்தவர்கள் 3.45 சதவீதம், ஊசி போட்டவர்களில் 1.82. எது யாருக்கு என்பதை டாக்டர் முடிவு செய்வார், எதைக் கொடுத்தாலும் சொன்ன நாள்வரை நிறுத்தாமல் போடுங்கள். கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ திடீரென்று மூச்சு வாங்கினாலோ காத்திருக்காமல் வந்துவிடுங்கள்.

டைக்ளோஃபெனாக் தினமும் கூடவே கூடாது. சுகர் உள்ளவருக்கு அது சிறுநீரகத்தைச் சத்தமில்லாமல் கெடுக்கும், வயிற்றில் புண்ணும் வரும். இன்றைக்கே நிறுத்திவிட்டு, சுகர் டாக்டரிடம் போகும்போது சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று தெரிய ரத்தத்தில் கிரியாட்டினினும் சிறுநீரில் அல்புமினும் பார்க்கச் சொல்லுங்கள். அதுவரை அதே மருந்து கலந்த ஜெல்லை முட்டியில் தடவலாம், ரத்தத்தில் ரொம்பக் குறைவாகத்தான் போகும். கிரியாட்டினின் ரிசல்ட் வந்ததும் இங்கே எழுதுங்கள்.